வடிவு மிஸ் விழுந்த ரோடு

பூலாங்கோட்டைக் கீழரத வீதியில், இசக்கிமுத்து டீக்கடைக்கும் மழலையர் பள்ளி வாசலுக்கும் நடுவே கிடக்கிற இருபத்தோரு அடி ரோடு, ஒரு பங்குனி மாதத்துப் புதன்கிழமை காலையிலிருந்து ஆட்களின் காலைப் பிடிக்க ஆரம்பித்தது என்பதை அந்த ஊரில் இன்றைக்கும் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. அந்த வருஷம் மழை பொய்த்தது, அந்த வருஷம் தேர் வடம் அறுந்தது, அந்த வருஷம் ரோடு காலைப் பிடித்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். பால்வண்ணன் ஒருவனால்தான் அப்படிப் போக முடியவில்லை. அந்த ரோட்டில் முதலில் விழுந்தவள் அவன் மனைவி சங்கரவடிவு. அவள் விழுந்தபோது அது வெறும் ரோடாகத்தான் இருந்தது.

பால்வண்ணன் மினி பஸ் டிரைவர். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு நடை போய்வரும் பச்சை பஸ் அவனுடையது. வடிவு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ். இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே மூன்றாவது பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற பெண் என்று அவளுக்குப் பேர். கல்யாணமான ஐந்தாம் வருஷம், அவளுக்கு முப்பத்தொரு வயதில், ஒருநாள் காலையில் வலது கண் மங்கியது. செம்பருத்திப் பூ, வெளுத்துப்போன செங்கல் மாதிரி தெரிகிறது என்றாள். கண்ணாடிக் கடையில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மூன்று வாரத்தில் தானாகவே கண் தெளிந்ததும், "போனை நோண்டாதன்னு அப்பவே சொன்னேன்லா," என்று சொல்லி பால்வண்ணன் அதை முடித்துவைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொரு செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை, கழன்றதே தெரியவில்லை. பாதத்துக்குக் கீழே தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள். தலையைக் குனிந்து கோலம் போட்டால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால்வரைக்கும் கரண்டு பாய்கிறது என்றாள். வெயில் ஏற ஏற உடம்பு துவள்கிறது, மத்தியானம் ஆனால் ஒரு மூட்டை அரிசியைச் சுமந்துகொண்டு நிற்கிறமாதிரி இருக்கிறது என்றாள். அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகச் சொன்னதால், நேற்றுச் சொன்னது இன்றைக்கு இல்லாமல் இருந்ததால், முகமும் தோலும் முன்னைப்போலவே மினுமினுவென்று இருந்ததால், அவனுக்கு அது ஒரு நோயாகத் தோன்றவே இல்லை.

"பதினாலு நடை அடிச்சிட்டு வாரேன், எனக்கு இல்லாத அலுப்பா?" என்று கேட்டான்.

"இது தூங்குனா போற அலுப்பு இல்லைங்க," என்றாள் வடிவு. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

தெரு அவளைக் கவனித்துக்கொண்டிருந்தது. மிஸ் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள், ஒரு நாள் நேராக நடக்கிறாள், ஒரு நாள் சாய்ந்து சாய்ந்து போகிறாள், சில நாள் நாக்கும் குழறுகிறது என்று டீக்கடையில் பேசினார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம், என்னத்தையோ ஊற்றிக்கொள்கிறாள் என்று யாரோ ஒருவர் சொன்னது மாலைக்குள் எல்லாரும் சொன்னதாக ஆகிவிட்டது.

அந்தப் பங்குனித் திங்கட்கிழமை, பள்ளி விட்டு மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, முப்பிடாதியின் மகள் தன்யா மட்டும் அம்மா வராமல் தூங்கிப்போயிருந்தாள். வடிவு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பந்தல் நிழலுக்கு நடந்தாள். பன்னிரண்டரை மணி வெயில். நடு வழியில் இடது கால் வரவில்லை. விழுகிறோம் என்று தெரிந்த நொடியில் உடம்பைத் திருப்பி, பிள்ளையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு முதுகு அடிபட மல்லாந்து விழுந்தாள். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. வடிவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. சுற்றி நின்ற பதினைந்து இருபது பேரில் ஓடிவந்த முப்பிடாதி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். "தாயி, கொஞ்சம் பிடி," என்று வடிவு சொன்ன சொல் குழறி, வேறு என்னவோ மாதிரி வெளியே வந்தது. "பட்டப்பகல்லயே ஆரம்பிச்சிட்டா," என்று ஒருவர் சொல்ல இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் கையை ஊன்றித் தவழ்ந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்து, கால் திரும்பி வரும்வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பால்வண்ணன் அவளை எதிரே நிற்கவைத்து, "வாயை ஊது," என்றான்.

வடிவு முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு ஊதினாள். மோரும் கறிவேப்பிலையும் மணத்தது. அப்படியும் அவன் மனது ஒப்பவில்லை. வாசனையே வராத சரக்கும் இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சொல்லியிருந்தான்.

வாரத்துக்குள் நாற்பத்துமூன்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட மனு தாளாளர் மேஜைக்கு வந்தது. தாளாளர் பால்வண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க தம்பி. இனிமே நடக்காதுன்னு ஒரு வரி. நான் எல்லாரையும் சமாதானம் பண்ணிக்கிடுதேன்," என்றார். வேலை போய்விடக்கூடாது என்றுதான் அவன் எழுதினான், இல்லை, அப்படித்தான் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'என் மனைவி இனிமேல் குடிக்கமாட்டாள் என்று உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி முற்றத்தில் பெற்றோரை உட்காரவைத்து, வடிவையும் நிற்கவைத்து, தாளாளர் அதை உரக்க வாசித்தார்.

வடிவு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நேரே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள்.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"வேலை நிக்கணும்லா."

"நான் குடிச்சேன்னு நெனச்சீங்களா?"

பால்வண்ணன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். அவன் அந்த நடை முடித்துத் திரும்புவதற்குள் வடிவு திருநெல்வேலியில் இருக்கிற அக்காள் உலகம்மாள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் புதன்கிழமை காலையில் ரோடு பிடித்தது.

முதலில் அகப்பட்டவர் பால் கேனோடு நடந்துவந்த ஒரு பெரியவர். டீக்கடையைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் இடது கால் நனைந்த சாக்கைக் கட்டிவிட்டமாதிரி கனத்தது. இழுத்து இழுத்துப் பள்ளி வாசல்வரைக்கும் போனதும் ஒன்றுமே நடக்காததுபோலக் கால் அவர் காலாக ஆகிவிட்டது. அடுத்து வந்தவளுக்குக் கால் நன்றாக இருந்தது, கண் மங்கியது. அதற்கடுத்தவனுக்கு இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. ஒருவருக்கு ஒன்றுக்குப் போகவேண்டும்போல முட்டிக்கொண்டு வந்தது. ஒருவர் கீழே கிடந்த சாவியை எடுக்கக் குனிந்து, முதுகில் கரண்டு பாய்ந்து, சாவியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். நேற்றுக் கால் பிடித்தவருக்கு இன்றைக்குக் கை பிடித்தது. மறுநாள் ஒன்றுமே பிடிக்கவில்லை. அதற்கு மறுநாள் எல்லாமும் சேர்ந்து பிடித்தது. காலையில் லேசாக இருந்தது, வெயில் ஏறினால் இறுகியது. வண்டியில் போனால் ஒன்றும் செய்யவில்லை, பாதம் பட்டால்தான். பிள்ளைகளை அது தொடவே இல்லை. பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள், பெரியவர்கள் அதே இடத்தில் சுவரைப் பிடித்து நகர்ந்தார்கள்.

ஊர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. பாதாளச் சாக்கடை வாயு என்று மனுக் கொடுத்தார்கள். ரோட்டை ஆய்வு செய்ய வந்த என்ஜினீயர் டேப்பைப் பிடித்தபடி நடுவில் உட்கார்ந்துவிட்டு, பிறகு நிழலுக்குப் போய், ரோடு நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். உடுக்கடித்துக் குறி சொல்கிற கோடாங்கி வந்தார், பூசணிக்காய் உடைத்தார், உடைத்த பூசணிக்காயைத் தாண்டிப் போக முடியாமல் இரண்டு ஆள் கைத்தாங்கலாக வெளியே வந்தார். வெள்ளைக்கோடு போட்டார்கள். கல்யாண ஊர்வலங்களை மேலரத வீதி வழியாகத் திருப்பிவிட்டார்கள். பிறகு, தீராது என்று தெரிந்ததும், ஊர்கள் எப்போதும் செய்கிறமாதிரி, அதோடு வாழப் பழகினார்கள்: இசக்கிமுத்து பெஞ்சைத் தூக்கிப் பத்தாவது அடியில் போட்டார், சுவர் நெடுகக் கயிறு கட்டினார்கள், சந்தைக்குப் போகிற பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சங்கிலியாகக் கடந்தார்கள், யார் அந்தப் பக்கம் வந்தாலும் இந்தப் பக்கம் நிற்கிறவர், "கை குடுக்கட்டா?" என்று கேட்பது வழக்கமாகிப்போனது.

ஆனால் இது என்ன என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமல் மூன்று மாதம் இருந்தார்கள். சொல்லவைத்தவன் கொம்பையா. பூலாங்கோட்டையில் குடிகாரன் என்று யாரும் சந்தேகமில்லாமல் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே மனிதன். அறுபது வயது, வெயிலில் காய்ந்த விறகு மாதிரி உடம்பு. ஆனி மாதம் ஒரு காலையில், இன்னும் ஒரு சொட்டும் உள்ளே போகாத நேரத்தில், அவன் அந்த ரோட்டைக் கடந்து, நடுவில் விழுந்து, கயிற்றைப் பிடித்து எழுந்து, டீக்கடையில் வந்து உட்கார்ந்தான்.

"என்னவே கொம்பையா, காலையிலயேவா?" என்றார் இசக்கிமுத்து.

கொம்பையா சிரிக்கவில்லை. "நாப்பது வருசமாக் குடிக்கேன்," என்றான். "குடிச்சா ரோடு ஆடும்வே. நம்ம பாட்டுக்கு நிப்போம், ரோடுதான் ஆடும். இங்க ரோடு அது பாட்டுக்கு நிக்குது. காலு வரமாட்டேங்கு. மனசு தெளிவா இருக்கு, வா வான்னு கூப்புடுதேன், வரமாட்டேங்கு. இதையா நீங்க குடின்னு சொன்னிய?"

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பள்ளி வாசலில் மகளை விட்டுவிட்டு நின்ற முப்பிடாதி அதைக் கேட்டாள். அவள்தான் மனுவில் முதல் கையெழுத்து. "வடிவு மிஸ்ஸுக்கு இதுதான் இருந்திருக்கு," என்று சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளைக்கு அடிபடாமல் அவள் மல்லாந்து விழுந்ததை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவள்போல, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பேச்சு அன்று மத்தியானமே பஸ்ஸில் ஏறி பால்வண்ணனிடம் வந்தது. மூன்று மாதமும் அவன் அந்த இருபத்தோரு அடியில் கால் வைக்கவில்லை. பஸ்ஸோடு கடப்பதோடு சரி. அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, உச்சி வெயிலில் இறங்கி நடந்தான். நான்காவது எட்டில் பாதத்துக்குக் கீழே தரை பஞ்சானது. வலது கண்ணில் டீக்கடையின் சிவப்பு போர்டு வெளுத்த செங்கல் நிறமாக மாறியது. ஆறாவது எட்டில், எந்த உழைப்பும் செய்யாமலேயே, மூட்டை மூட்டையாக அலுப்பு வந்து தோளில் இறங்கியது. அது தூங்கினால் போகிற அலுப்பு இல்லை என்று அவனுக்கு உடனே தெரிந்தது. இடது கால் வரவில்லை. விழுந்தான்.

விழுந்த மாத்திரத்தில் நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், இசக்கிமுத்து பெஞ்சில் இடம் ஒதுக்கினார், இன்னொருவர் துண்டால் விசிறினார். அந்த விசிறலைத்தான் பால்வண்ணனால் தாங்க முடியவில்லை. அவன் அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அவன் பஸ் கீழரத வீதி முனையில்தான் நின்றது. வடிவு விழுந்ததையும், தவழ்ந்ததையும், சிரித்தவர்களையும் அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தான். வண்டி நிறைய ஆள் இருந்தது. இறங்கினால், அவள் யார் என்று கேட்பார்கள். ஸ்டியரிங்கை ஒடித்து மேலரத வீதி வழியாகப் போய்விட்டான்.

மறுநாள் திருநெல்வேலிக்குப் போனான். உலகம்மாள் வாசலில் நிற்கவைத்தே பேசினாள். தங்கச்சி தூங்குகிறாள், எழுப்பமாட்டேன் என்றாள்.

"தண்டுவட மரப்பு நோய்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு தம்பி. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்னு சொல்லுதாங்க. ஸ்கேன்ல மூளையிலயும் தண்டுவடத்துலயும் தழும்பு தழும்பாத் தெரியுது. நரம்பு மேல ஒரு உறை இருக்குமாம், வயருக்கு ரப்பர் மாதிரி. நம்ம உடம்பைக் காக்க வேண்டிய காவலே, திருடன்னு நெனச்சு அந்த உறையை அரிச்சுப்புடுதாம்."

"தொத்துமா மைனி?"

"தொத்தாது. சாகவும் மாட்டா, பயப்படாதீங்க. மாத்திரை நடக்கு, இனிமே அடிக்கடி வராமப் பாத்துக்கிடலாம்னு சொல்லியிருக்காங்க." உலகம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மொதமொத கண்ணு மங்குச்சே, கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனியளே, அப்பவே நரம்பு டாக்டர்ட்டக் காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னாரு. இந்த இடது காலு இனி பழையபடி வருமான்னு கேட்டேன். அவரு குனிஞ்சு மாத்திரைச் சீட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு."

பால்வண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினான். பிறகு மாதம் ஒருமுறை போனான். வடிவு பேசினாள், டீ போட்டுக் கொடுத்தாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்தபடி டியூஷன் எடுத்தாள். ஊருக்கு வா என்று அவன் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றினாள். அவன் கொண்டுவந்து சொன்ன நோயின் பேரை ஊர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. கொம்பையாவுக்குக்கூட அந்தப் பேர் வாயில் நுழைந்தது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்குக் கண் மங்கியது என்று கேள்விப்பட்டதும், முப்பிடாதி ஆட்டோ பிடித்துப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

மாசி மாதம், தன்யாவைக் கூட்டிக்கொண்டு முப்பிடாதியே நேரில் போய் அழைத்ததற்குப் பிறகு, வடிவு ஒருநாள் மட்டும் வருகிறேன் என்றாள். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏழு மணிக்கே, அக்காளோடு வந்து இறங்கினாள். கையில் ஊன்றுகோல். கீழரத வீதி முழுக்க ஜனம். மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பத்துமூன்று பேரும் இருந்தார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருந்தது: அவள் கால் பட்டால் ரோடு அவளை விட்டுவிடும், அவளிடமிருந்து பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், அந்த இருபத்தோரு அடியிலாவது அவள் பழையபடி நடப்பாள். பால்வண்ணன் அந்த நினைப்போடு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான்.

வடிவு டீக்கடையிலிருந்து நடந்தாள். ஊன்றுகோலை வைத்தாள், வலது காலை வைத்தாள், இடது காலை இழுத்தாள். மறுபடி ஊன்றுகோலை வைத்தாள். வெள்ளைக்கோட்டைத் தாண்டினாள், பெஞ்சைத் தாண்டினாள், கயிற்றைத் தொடாமல் அதே நடையாகப் போய்ப் பள்ளி வாசலைத் தாண்டி இன்னும் நாலு எட்டு நடந்தபிறகு நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"எங்க இருக்கு அந்த எடம்?" என்று கேட்டாள்.

"தாண்டிட்டிய மிஸ்," என்றாள் முப்பிடாதி.

"தாண்டிட்டனா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. அக்கா வீட்டு வாசல்ல இருந்தே இப்படித்தான வாரேன்."

முப்பிடாதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்யா மட்டும் ஓடிப்போய் மிஸ்ஸின் ஊன்றுகோலைத் தான் பிடித்துக்கொள்ளக் கேட்டாள். வடிவு அவள் தலையில் கை வைத்து, நேற்று என்ன பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரித்தாள்.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக அவள் நிழலில் உட்கார்ந்திருந்தபோது பால்வண்ணன் பக்கத்தில் போய் நின்றான். கடிதத்தைப் பற்றிப் பேசினான், வாயை ஊதச் சொன்னதைப் பற்றிப் பேசினான். கடைசியில், "அன்னைக்கு நீ விழுந்தப்ப நான் தெரு முனையில நின்னேன் வடிவு. பாத்தேன். எறங்கலை," என்றான்.

"தெரியும்," என்றாள் வடிவு. "பச்சை பஸ்ஸு எனக்கு அடையாளம் தெரியாதா? அன்னைக்குக் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு."

அவன் தரையைப் பார்த்தான். "என் மேல கோவம் இருந்தா திட்டிரு."

"கோவப்படுறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ங்க. காலையில எந்திரிக்கும்போது எனக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. குளிக்க, சமைக்க, பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க அது சரியாப்போயிருது." பஸ் வருகிற சத்தம் கேட்டதும் ஊன்றுகோலை எடுத்தாள். அவன் கை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஏறியதும் கையை விட்டாள். உலகம்மாள் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் ரோடு யாரையும் பிடிக்கவில்லை. பால் கேன்காரர் பழக்கத்தில் சுவரைத் தொட்டபடி வந்து, பாதி தூரத்தில்தான் உணர்ந்து கையை எடுத்தார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. சிலர் தேங்காய் உடைத்தார்கள். சித்திரைத் தேர் கீழரத வீதி வழியாகவே வந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள், வெள்ளைக்கோடு தேய்ந்தது. யாராவது தடுமாறினால் கை கொடுக்கட்டுமா என்று கேட்கிற வழக்கம் ஒரு வருஷம்போல இருந்தது. பிறகு கேட்கிறவர்கள் குறைந்தார்கள். முப்பிடாதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பால்வண்ணன் முதல் நடைக்கு வண்டி எடுப்பதற்கு முன்னால் தினமும் அங்கே வருகிறான். டீக்கடையைத் தாண்டிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு, ஒவ்வொரு எட்டாக, பொறுத்துப் பொறுத்து நடக்கிறான். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த இருபத்தோரு அடிதான். நடுவில் நின்று காத்துப் பார்க்கிறான். சரளைக்கல் உள்ளங்காலில் சுருக்கென்று குத்துகிறது. இடது காலைக் கூப்பிடுகிறான். அது வந்துவிடுகிறது.